மதுரையிலிருந்து திருக்கை பார்க்கப் போகிறீர்களா? எந்த மாதம், எந்தக் கடல், தண்ணீருக்குள் எங்கே பார்ப்பது

மதுரைக்காரர்களில் திருக்கையைக் குழம்பில் பார்த்தவர்கள்தான் அதிகம். கரிமேட்டிலும் மாட்டுத்தாவணியிலும் துண்டு போட்டு விற்கிற அந்த மீன் உயிரோடு நீந்துவதைப் பார்க்க அந்தமானுக்கோ மாலத்தீவுக்கோ போக வேண்டியதில்லை. பஸ் ஏறினால் நான்கு மணி நேரத்தில் மண்டபம், அதற்குள்ளாகவே தூத்துக்குடி. ஆனால் லீவு கிடைத்த வாரத்தில் போய் இறங்கி, கலங்கிய தண்ணீரைப் பார்த்துவிட்டு "ஒண்ணுமே இல்ல" என்று திரும்பி வருகிறவர்கள் நிறைய. திருக்கை அங்கேதான் இருக்கும், போன நாளும் இறங்கிய பக்கமும்தான் தப்பு. அதனால் டைவ் கற்றுக்கொள்வதைப் பற்றிச் சொல்வதற்கு முன்னால் காற்றைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன்.

முதலில் காற்று, பிறகுதான் தேதி

மண்டபத்தில் நின்றால் வடக்கே பாக் நீரிணை, தெற்கே மன்னார் வளைகுடா. நடுவில் இருப்பது ஒரு குறுகிய நிலத்துண்டு. ஒரு பக்கக் கடல் பொங்கும்போது மறுபக்கம் பெரும்பாலும் அடங்கியிருக்கும், இதுதான் நமக்குக் கிடைத்த வசதி. தென்மேற்கிலிருந்து அடிக்கும் கச்சான் காற்றில் மன்னார் வளைகுடா கொந்தளிக்கும், வடக்கிலிருந்து வரும் வாடையில் பாக் நீரிணை கலங்கும். இந்த ஒன்றைப் புரிந்துகொண்டால் பாதி வேலை முடிந்தது.

பிப்ரவரி தொடங்கி ஏப்ரல் பாதி வரைதான் நல்ல காலம். வாடை ஓய்ந்திருக்கும், கச்சான் தொடங்கியிருக்காது, இரண்டு கடலும் அமைதியாக இருக்கும், தண்ணீர் தெளியும். திருக்கை வருடம் முழுக்க இந்தக் கடலில் இருந்தாலும் நம் கண்ணுக்குத் தெரிவது இந்த மாதங்களில்தான், ஏனென்றால் அது மணலோடு மணலாகக் கிடக்கிற மீன், தண்ணீர் தெளிவாக இல்லையென்றால் இரண்டு கை தூரத்தில் கிடந்தாலும் தெரியாது. முதல் தடவை போகிறவர்கள் வேறு மாதத்தை யோசிக்கவே வேண்டாம் என்பது என் கருத்து.

ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை மீன்பிடித் தடைக்காலம். விசைப்படகுகள் எல்லாம் கரையில் கட்டிக் கிடக்கும், இழுவலை தரையைக் கிளறாது. தடைக்காலத்தின் முதல் பாதி, அதாவது நம் சித்திரைத் திருவிழாவை ஒட்டிய வாரங்கள், இதனாலேயே நன்றாக இருக்கும். மே மாதப் பின்பாதியில் கச்சான் பிடிக்க ஆரம்பித்ததும் மன்னார் வளைகுடாப் பக்கத்தை மறந்துவிடுங்கள். ஜூன் முதல் செப்டம்பர் வரை போய்த்தான் ஆக வேண்டும் என்றால் மண்டபத்துக்கு வடக்கே, பாக் நீரிணைப் பக்கம், காலையில் மட்டும். ஆடிக் காற்றில் அம்மியே பறக்கும் என்கிற ஊரில் மத்தியான டைவை எதிர்பார்க்கக் கூடாது.

அக்டோபரில் வடகிழக்குப் பருவமழை தொடங்கியதும் கதை மாறும். பாக் நீரிணை சேறாகும். நம் வைகையும் அந்தக் கடலில்தான் போய்ச் சேர்கிறது. மழை நன்றாகப் பெய்து ராமநாதபுரம் பெரிய கண்மாய் நிரம்பிய வருடங்களில் மிச்சத் தண்ணீர் ஆற்றங்கரை என்கிற கிராமத்துப் பக்கம் கடலில் இறங்கும். அப்போது அந்தப் பக்கம் தண்ணீருக்குள் பார்க்க ஒன்றும் இருக்காது. மழைக்கு இடையில் நான்கு நாள் வெயில் அடித்தால் மன்னார் வளைகுடாப் பக்கம் ஓரளவு தெளியும். ஆனால் பாம்பனில் புயல் எச்சரிக்கைக் கூண்டு ஏற்றியிருக்கிறார்களா என்று பார்த்துவிட்டுக் கிளம்புங்கள், ஏற்றியிருந்தால் பயணத்தைத் தள்ளிப்போடுங்கள்.

கிளம்புவதற்கு முந்தின நாள் படகுக்காரரிடம் போனில் கேட்க வேண்டியது "திருக்கை வருமா" என்பது அல்ல. "அண்ணே, என்ன காத்து அடிக்குது, நீவாடு எப்படி, தண்ணி தெளிவா கலங்கலா" என்று கேளுங்கள். நீவாடு என்பது நீரோட்டம். இந்த மூன்றுக்கும் அவர் சொல்கிற பதில் எந்த வானிலை ஆப்பையும் விடச் சரியாக இருக்கும். அப்புறம் இன்னொன்றும் கேட்டுவைக்கலாம்: திருக்கை வலை எந்தப் பக்கம் விடுகிறார்கள் என்று. திருக்கைக்கென்றே பெரிய கண்ணி வைத்து அடியில் விடுகிற வலை அது. அந்த வலை எங்கே போகிறதோ அங்கே மீன் நடமாட்டம் இருக்கிறது என்று அர்த்தம், ஆனால் நாம் இறங்குகிற இடத்தில் அந்த வலை இருக்கக் கூடாது. சிக்கினால் நம்மாலும் வெளியே வர முடியாது.

மதுரையிலேயே முடிக்க வேண்டிய வேலை

கிணற்றிலும் கண்மாயிலும் நீந்திப் பழகியவர்களுக்குத் தண்ணீர் பயம் இருக்காது, நல்லது. ஆனால் கிணற்று நீச்சலில் வேகமும் குதிப்பும்தான் பெருமை, இங்கே வேண்டியது மெதுவாக இருக்கிற பழக்கம். ரேஸ்கோர்ஸ் நீச்சல்குளத்திலோ வேறு எங்கோ ஒரு மாதம் போய், மாஸ்க்கும் ஸ்நார்க்கெலும் (வாயில் கவ்வுகிற மூச்சுக்குழாய்) போட்டு முகத்தைத் தண்ணீருக்குள் வைத்து, கையை ஆட்டாமல் காலை மட்டும் மெல்ல அசைத்து நீளம் கடக்கப் பழகுங்கள். மாஸ்க்குக்குள் தண்ணீர் புகுந்தால் பதறாமல் மூக்கால் ஊதி வெளியேற்றத் தெரிய வேண்டும். குளத்தில் இது வந்துவிட்டால் கடலில் பயம் பாதியாகக் குறையும்.

மீன் மார்க்கெட்டுக்கும் ஒரு நடை போங்கள், வாங்குவதற்கு அல்ல. முழுத் திருக்கை வந்திருந்தால் விற்கிற அக்காவிடம் கேட்டுத் திருப்பிப் பாருங்கள். முதுகுப் பக்கத்தில் கண்ணும், கண்ணுக்குப் பின்னால் ஒவ்வொரு பக்கமும் ஒரு துளையும் இருக்கும். அடிப்பக்கம் வெள்ளை, அதில் வாயும், வாய்க்குக் கீழே இரு வரிசையாக ஐந்தைந்து செவுள் பிளவுகளும். மணலில் புதைந்து கிடக்கும்போது வாய் மணலுக்குள் இருப்பதால் அந்த மேல் துளைகள் வழியாகத்தான் தண்ணீரை இழுத்து மூச்சு விடும். கடலுக்கடியில் நீங்கள் முதலில் கண்டுபிடிக்கப் போவது அந்தத் துளைகள் திறந்து மூடுவதைத்தான், எனவே நன்றாகப் பார்த்துவையுங்கள். வாலின் அடியில் இரண்டு விரல்கள் போல நீட்டிக்கொண்டிருந்தால் ஆண், இல்லையென்றால் பெண். வாலில் முள்ளைப் பெரும்பாலும் படகிலேயே வெட்டிவிடுவார்கள். வெட்டாமல் இருந்தால் தொடாதீர்கள். மீன் செத்தாலும் முள்ளில் விஷம் இருக்கும், இரண்டு ஓரமும் ரம்பப் பல் வைத்திருக்கும்.

யாரோடு இறங்குவது, எங்கே இறங்கக் கூடாது

ராமேஸ்வரத்துக்கும் தூத்துக்குடிக்கும் இடையில் இருக்கிற 21 தீவுகளும் 1986-ல் அறிவிக்கப்பட்ட மன்னார் வளைகுடா கடல்சார் தேசியப் பூங்காவைச் சேர்ந்தவை. வனத்துறை அனுமதி இல்லாமல் அந்தத் தீவுகளில் கால் வைக்கவோ சுற்றியுள்ள பவளப் பாறைகளில் டைவ் அடிக்கவோ கூடாது. "நம்ம ஆளுதான், சும்மா ஒரு ரவுண்டு" என்று யாராவது முயல் தீவுக்கோ மணோலித் தீவுக்கோ கூட்டிப்போகக் கூப்பிட்டால் மறுத்துவிடுங்கள். சட்டத்துக்காக மட்டும் சொல்லவில்லை, அந்தப் பவளங்கள் இரண்டு மூன்று மீட்டர் ஆழத்தில் இருப்பவை, புதிதாகப் பழகுகிறவரின் ஒரு ஃபின் (காலில் மாட்டுகிற துடுப்பு) உதை போதும், பல வருட வளர்ச்சி உடைந்துவிடும். குருசடைத் தீவைப் பார்க்க ஆசையாக இருந்தால் பாம்பன் குந்துகாலிலிருந்து வனத்துறை படகு விடுகிறார்கள், அதில் போகலாம்.

நீங்கள் இறங்க வேண்டியது பூங்காவுக்கு வெளியே. இரண்டு வழி இருக்கிறது. மண்டபம், பிரப்பன்வலசைப் பக்கம் பாக் நீரிணையில் கடல்தாழை என்கிற கடல்புல் படுகைகளும் அவற்றின் ஊடே மணல்திட்டுகளும் ஆழம் குறைவாக இருக்கின்றன, ஸ்நார்க்கெல் போதும். தூத்துக்குடியில் கரையிலிருந்து தள்ளி, 'பார்' என்று மீனவர்கள் சொல்லும் கடலடிப் பாறைத் தொடர்கள் இருக்கின்றன. ஒரு காலத்தில் முத்துக் குளித்ததும், இன்றைக்கும் சங்குகுளிக்காரர்கள் போவதும் இந்தப் பார்களுக்குத்தான். அங்கே ஸ்கூபா, அதாவது முதுகில் காற்றுச் சிலிண்டர் கட்டி இறங்குகிற டைவ், வேண்டும்.

ஸ்கூபா என்றால், முதல் தடவை பயிற்சியாளர் கையைப் பிடித்தபடி அதிகபட்சம் 12 மீட்டர் வரை இறங்கும் அறிமுக டைவ் ஒன்று இருக்கிறது. திருக்கைக்காகவே போகிறவர்களுக்கு அது பத்தாது, ஏனென்றால் அந்த நேரம் முழுக்க உங்கள் கவனம் மூச்சிலும் காதிலுமே இருக்கும். மூன்று நான்கு நாள் ஒதுக்கி ஓப்பன் வாட்டர் சான்றிதழ் எடுத்துவிட்டால் 18 மீட்டர் வரை இறங்கலாம், உலகத்தில் எங்கே போனாலும் செல்லும். பயிற்சி தருகிறவரிடம் அவருடைய பயிற்றுநர் அட்டையைக் கேளுங்கள், படகில் ஆக்சிஜன் சிலிண்டர் இருக்கிறதா என்று கேளுங்கள். கேட்டதற்கு முகம் சுளித்தால் வேறு ஆளைப் பாருங்கள். சளி பிடித்திருந்தால் டைவ் வேண்டாம், காதில் அழுத்தம் சமமாகாது. நன்றாக இருக்கும்போதும் ஒவ்வொரு மீட்டர் இறங்கும்போதும் மூக்கைப் பிடித்து மெல்ல ஊதிக் காதைத் திறந்துகொண்டே போக வேண்டும், வலி வந்தபின் ஊதுவதில் பயனில்லை.

தனுஷ்கோடி அரிச்சல்முனையைப் பற்றி ஒரு வார்த்தை: அங்கே தண்ணீரில் இறங்காதீர்கள். இரண்டு கடல் சேரும் இடம், இழுப்பு பயங்கரம், குளிக்கவே தடை இருக்கிறது.

போய்ச் சேர்வது

மாட்டுத்தாவணியிலிருந்து மானாமதுரை, பரமக்குடி, ராமநாதபுரம் வழியாக பஸ் அடிக்கடி இருக்கிறது. ரயிலில் போனால் மண்டபத்திலேயே இறங்கலாம். 2025 ஏப்ரலில் புதிய பாம்பன் பாலம் திறந்த பிறகு ராமேஸ்வரம் வரையும் வண்டி போகிறது. எதில் போனாலும் முந்தின நாள் சாயங்காலமே போய்த் தங்கிவிடுங்கள். காலை ஏழு மணிக்குத் தண்ணீரில் இருக்க வேண்டும். பத்து, பதினொன்றுக்கு மேல் கடல்காற்று எழுந்து அலை கூடும், அடித்தரை கலங்கும். ஆடி அமாவாசை, தை அமாவாசை நாட்களில் ராமேஸ்வரத்தில் அறையே கிடைக்காது, பஸ்ஸில் நிற்க இடம் இருக்காது. தூத்துக்குடிக்கு அந்தத் தொல்லை இல்லை.

தண்ணீருக்குள்: பாறையை விட்டுவிட்டு மணலைப் பாருங்கள்

புதிதாக இறங்குகிற எல்லோருடைய கண்ணும் பவளத்துக்கும் வண்ண மீன்களுக்கும்தான் போகும். திருக்கை பெரும்பாலும் அங்கே இருக்காது. பாறை முடிந்து மணல் தொடங்குகிற ஓரம், கடல்தாழைக்கு நடுவில் இருக்கிற வெற்று மணல், பாறையின் கீழ்ப் பொந்து: இந்த மூன்றையும்தான் துழாவ வேண்டும்.

முதலில் மணலில் குழி தேடுங்கள். திருக்கை சிப்பியையும் நண்டையும் புழுவையும் எடுக்க மணலுக்குள் தண்ணீரைப் பீய்ச்சியும் துடுப்பை அடித்தும் தோண்டும். சாப்பிட்டு முடித்துப் போன இடத்தில் கிண்ணம் கிண்ணமாகப் பள்ளம் கிடக்கும். பள்ளத்தின் விளிம்பு கூராக இருந்தால் புதிது, வழுவழுப்பாகித் தூசு படிந்திருந்தால் பழையது. கூரான பள்ளங்கள் வரிசையாகத் தெரிந்தால் அந்த வரிசையிலேயே மெதுவாகப் போங்கள். அடுத்தது வட்டம். புதைந்த திருக்கையின் மேல் மெல்லிய மணல் போர்வை இருக்கும், விளிம்பு மட்டும் லேசாகத் தெரியும், தோசைக்கல்லை மணலுக்குள் அழுத்தி மேலே மாவு சலித்த மாதிரி. அந்த வட்டத்தின் ஒரு ஓரத்தில் இரண்டு கண் மேடுகளும், அவற்றுக்குப் பின்னால் மூச்சுத்துளைகளும் இருக்கும். ஒரே இடத்தில் நிலையாக நின்று பார்த்தால் துளை திறக்கும்போது மணல் துகள் உள்ளே இழுபடுவதும் மூடும்போது சிறு தூசி கிளம்புவதும் தெரியும். அப்படி ஒன்றைக் கண்டுவிட்டால் பக்கத்தில் இன்னொன்று இருக்கிறதா என்று தேடிய பிறகே நகருங்கள்.

கண்டதும் நேராக அதன் மேலே போவதுதான் எல்லோரும் செய்கிற காரியம், அதைச் செய்யவே கூடாது. மேலிருந்து நிழல் விழுந்தால் அதற்கு அது சுறா. மூன்று நான்கு மீட்டர் தள்ளி, தரையோடு தாழ்ந்து, பக்கவாட்டில் நில்லுங்கள். அதன் முன்னால் திறந்த வெளி இருக்கட்டும், தப்பிக்க வழி இருக்கிறது என்று தெரிந்தால் அவசரப்படாது. ஃபினை உதைத்துத் தூசி கிளப்பாதீர்கள். சிலிண்டரோடு இருந்தால் மூச்சை நீளமாக, மெதுவாக விடுங்கள், அடக்கி வைக்கக் கூடாது. எழுந்து போனால் துரத்தாதீர்கள். நாம் அசையாமல் இருந்தால் சில சமயம் அதுவே ஒரு சுற்றுச் சுற்றி வந்து பக்கத்தில் படுக்கும், துரத்தினால் அந்த நாளுக்கு அவ்வளவுதான்.

எந்தெந்தத் திருக்கை

மணலிலும் கடல்தாழையிலும் கிடப்பவை பெரும்பாலும் பழுப்பு நிறத்து முள்வால் திருக்கைகள், சில வகைகளில் நீலப் புள்ளி, சிலவற்றில் சிறுத்தைப் புள்ளி. நீலப்புள்ளி வகை சின்னது, பாறை ஓரத்தில் கிடக்கும், புதியவர் கண்ணில் எளிதில் படுவதும் அதுதான். குருவித்திருக்கை என்றும் வௌவால் திருக்கை என்றும் சொல்லப்படுவது கரும் முதுகில் வெள்ளைப் புள்ளி போட்டது, மூக்கு நீண்டு தட்டையாக இருக்கும். அது தரையில் கிடக்காது, நடுத்தண்ணீரில் பறந்துகொண்டே போகும், சில சமயம் தண்ணீருக்கு மேலே துள்ளவும் செய்யும். எனவே தூத்துக்குடிப் பார்களில் இறங்கினால் மணலைப் பார்த்துக்கொண்டே, அவ்வப்போது தலையைத் தூக்கி நீலத்தையும் பாருங்கள்.

உளுவை என்று ஒன்று, முன்பக்கம் திருக்கை, பின்பக்கம் சுறா. பலர் அதைச் சுறாக்குட்டி என்று நினைத்துப் பயப்படுகிறார்கள், ஆனால் செவுள் அடிப்பக்கம் இருப்பதால் திருக்கை இனம்தான். ஆனைத்திருக்கை, கொம்புத்திருக்கை என்கிற பெரியவைக்கு ஆசைப்பட்டுப் போகாதீர்கள். மிதவை உயிரிகளைத் தின்று வெளிக்கடலில் சுற்றுகிறவை அவை, மிகப் பெரிய வகை அகலத்தில் 7 மீட்டர் வரை போகும், கரையோர டைவில் வந்தால் அது அதிர்ஷ்டம். அந்தப் பெரிய வகையை 2020-ல் சர்வதேச இயற்கைப் பாதுகாப்பு அமைப்பு (IUCN) அருகிவரும் இனமாக அறிவித்தது. ரம்ப மூக்கு வைத்த வேளா மீனும் முதுகு முழுக்க முள் கொண்ட முள்ளுத் திருக்கையும் 2001-லிருந்தே வனஉயிர் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் இருக்கின்றன, புலிக்கு என்ன பாதுகாப்போ அதே பாதுகாப்பு. திருக்கைகள் கொத்துக் கொத்தாக முட்டையிடுகிறவை அல்ல, ஒரு ஈற்றுக்கு ஒன்றோ சிலவோ குட்டி போடுகிறவை. பிடிக்கிற வேகத்துக்கு அவற்றால் பெருக முடியாது. உயிரோடு பார்க்கப் போகிற நாம் இதை மனதில் வைத்து ஒரு மீனைக்கூடத் தொந்தரவு செய்யாமல் திரும்ப வேண்டும் என்று விரும்புகிறேன்.

முள்

திருக்கை தானாக வந்து தாக்காது. மிதித்தாலோ, மேலே மறித்தாலோ வாலைச் சுழற்றும். ஆஸ்திரேலியாவின் ஸ்டீவ் இர்வின் 2006-ல் இறந்தது ஆழமில்லாத தண்ணீரில், முள் நெஞ்சில் பாய்ந்து. ஆகவே முழங்கால் தண்ணீரில் நடக்கும்போது காலைத் தூக்கி வைக்காமல் மணலோடு தேய்த்துத் தேய்த்து நடங்கள், அதிர்வு தெரிந்து அது விலகிப் போய்விடும். காலுறை போட்டிருந்தாலும் இப்படித்தான் நடக்க வேண்டும், முள் அதையும் துளைக்கும்.

குத்திவிட்டால்: கரைக்கு வந்து, காயத்தைக் கழுவி, பொறுக்கக் கூடிய சூட்டில், சுமார் 45 டிகிரி, வெந்நீரில் காலை முக்கி வையுங்கள். அரை மணியிலிருந்து ஒன்றரை மணி நேரம், ஆற ஆற வெந்நீர் சேர்த்துக்கொண்டே. சூட்டைக் காயம்படாத ஆள் கைவைத்துப் பார்க்க வேண்டும், குத்துப்பட்டவருக்கு வலியில் சூடு உறைக்காது, வெந்துவிடும். வலி குறைந்துவிட்டதே என்று வீட்டுக்குக் கிளம்பக் கூடாது, முள் துணுக்கு உள்ளே தங்கியிருக்கலாம், டெட்டனஸ் ஊசியும் வேண்டும். ராமநாதபுரம் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்குப் போங்கள். நெஞ்சிலோ வயிற்றிலோ கழுத்திலோ குத்தி முள் நிற்கிறது என்றால் அதைப் பிடுங்கவே கூடாது, அப்படியே அசையாமல் கட்டி 108-ஐக் கூப்பிடுங்கள். சுண்ணாம்பு, மஞ்சள் எதுவும் அப்ப வேண்டாம்.

மேலே வந்த பிறகு

ஸ்கூபா அடித்தவர்களுக்கு ஒரு எச்சரிக்கை, நம் ஊர்க்காரர்களுக்கு மிக முக்கியமானது. ராமேஸ்வரம் முடித்த கையோடு கொடைக்கானல் போவது நமக்குப் பழக்கம். கொடைக்கானல் சுமார் 2,100 மீட்டர் உயரம். டைவில் ரத்தத்தில் கரைந்த நைட்ரஜன் வெளியேறுவதற்குள் மலை ஏறினால் விமானம் ஏறியதற்குச் சமம், குமிழி கட்டி மூட்டுவலி, மரமரப்பு, சிலருக்கு வாதமே வரும். ஒரே ஒரு டைவ் என்றால் குறைந்தது 12 மணி, இரண்டு மூன்று என்றால் 18 மணி நேரம், முடிந்தால் ஒரு முழு நாள் கழித்துத்தான் மலையும் விமானமும். மதுரையில் வந்து தங்குவதில் பிரச்சினை இல்லை, நம் ஊர் தாழ்நிலம்.

அன்றைக்கே ஒரு நோட்டில் எழுதிவையுங்கள்: தேதி, எந்தக் கடல், என்ன காற்று, ஆழம், தண்ணீர் தெளிவு, மணலா கடல்தாழையா, எத்தனை திருக்கை, தோராய அகலம், வாலில் முள் இருந்ததா. குருவித்திருக்கையின் முதுகுப் புள்ளி ஒவ்வொன்றுக்கும் வேறு வேறாக இருக்கும், நேர்மேலிருந்து எடுத்த படம் கிடைத்தால் அடுத்த வருடம் அதே மீன் வந்ததா என்று ஒப்பிட்டுப் பார்க்கலாம். அதற்காக அதன் மேலே நீந்திப் போக வேண்டாம், அது கீழே கடந்து போகும்போது கிடைத்தால் எடுங்கள். படத்தைப் பகிரும்போது மாவட்டத்தோடு நிறுத்திக்கொள்ளுங்கள், இடத்தின் சரியான புள்ளியைப் போடாதீர்கள், வலைக்காரர்களுக்கும் அது வழிகாட்டிவிடும்.